செவ்வாய், வியாழன், ஆறரை

மல்லாவியில்
கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம்.
உமி வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
பதினொரு பிளாஸ்ரிக் கதிரை.
ஒன்றுக்குக் கால் வெடிப்பு. அதில் நாகேஸ்வரன் மட்டும் இருப்பார்,
"எனக்கும் அதுக்கும் ஒரே வருத்தம்" என்று.

நான் இடியப்பக்காரி.
விடிய மூன்று மணிக்கு உரல் பிழிந்து
ஐந்தரைக்குள் நாலு கடைக்குக் கொடுக்கிற கை.
போன மாரியில் பெருவிரலின் அடி வீங்கி
உரலைப் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொண்டது.
கிளினிக்கில் குளிசை தந்தார்கள்.
துண்டின் பின்பக்கம் இதையும் எழுதித் தந்தார்கள்:
செவ்வாய், வியாழன், காலை ஆறரை.

நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற எனக்கு
அப்பியாசம் வேறயோ
என்று புறுபுறுத்துக்கொண்டுதான் போனேன்.

பிசியோப் பிள்ளை ஹட்டன் பக்கம், பெயர் தர்ஷிகலா.
"வேலை செய்றது ஒரே மூட்டைத்தான் போட்டு வருத்தும் அக்கா.
இது எல்லா மூட்டையும் அசைக்கும்" என்றாள்.
"இஞ்ச முந்தி எல்லாம் மூட்டைதான் பிள்ளை" என்றார் நாகேஸ்வரன்,
"இப்ப நெல்லுத்தான் இல்லை."

குதிக்கால் உயர்த்தினோம்.
கணுக்காலைச் சுழற்றினோம்.
பிறகு சொன்னாள்,
"எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை.
தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் மட்டும்.
அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.
பின்வரிசையில் மேசன் சவிரிமுத்து
"இது தோளுக்கு" என்றார் மெல்ல,
தனக்குச் சொல்வதுபோல.
தூக்கினார், காதுமட்டும்.
அதுக்கு மேல் அவருக்கு ஏறாது.
பிறகு நாங்களும் தூக்கினோம்.
தோளுக்கு.

எண்ணுகிற வேலை தவமலருக்கு. எட்டு வரை.
அவ ஏழைத் தவறவிடுவா, எப்போதும்.
ஆறு, எட்டு.
ஒரு தரம் குறைகிற சந்தோசத்தில்
ஒருவரும் திருத்துவதில்லை.

நோ போட்டுதோ என்று கடைக்காரர் கேட்கிறார்கள்.
போகவில்லை.
முன்பு விடியப்புற விறைப்பு ஒரு மணித்தியாலம்,
இப்போது தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கும் நேரம்.
சவிரிமுத்து பூசையில் முழந்தாளிடுகிறார்,
எழும்பத்தான் வாங்கைப் பிடிக்கிறார்.
கொண்டக்டர் கை நீட்ட முன்னம்
தவமலர் பஸ்ஸுக்குள் நிற்கிறா.
நாகேஸ்வரனுக்கு ஒரு மாற்றமும் இல்லையாம்.
எல்லாருக்கும் முதல் வந்து கதிரை போடுவது அவர்தான்.

ஐப்பசியில் எனக்கு முழங்காலும் சேர்ந்து வீங்கியது.
ஒரு கிழமை போகவில்லை. அடுத்த கிழமையும்.
போன் அடித்தது, எடுக்கவில்லை.
உரல் கழுவாமல் கிடந்தது.
வீங்கின நாளில் பாதி செய்தால் போதும் என்று
அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் இருந்தது.
பாதி செய்யவும் தனியே மனம் வரவில்லை.

வியாழன், மழை விட்ட கையோடு
படலையில் லாண்ட்மாஸ்ரர்.
பெட்டியில் ஆறு பேர்.
கதிரை ஏழு.
சுகம் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை.
ஈர மணலில் கதிரையை வட்டமாகப் போட்டார்கள்,
தங்கள் வளவுபோல.
நான் குசினி வாசலில்,
கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்தபடி.

ஒன்று. இரண்டு.
என்னை ஒருவரும் பார்க்கவில்லை.
மூன்று.
நாகேஸ்வரனின் கதிரை மணலுக்குள் இறங்குகிறது, அவரோடு.
நாலு.
இறங்கிக்கொண்டே குதிக்காலை உயர்த்துகிறார்.
ஐந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆறு.

"ஏழு" என்றேன், வாசலில் நின்று.

"உன்னை ஆர் கேட்டது" என்றா தவமலர்,
திரும்பாமலே.
"வந்து இரு."