ஈரக் கழிவு

அரவேணு ஃபாக்டரி வாசலில்
பச்சை இலை எடை போடுகிறவள் நான்,
பதினொரு வருஷமாக.
மழை நாளில் மூட்டைக்கு
நூற்றுக்குப் பத்து ஈரக் கழிவு எழுதுவேன்.
ஏன் பத்து, ஏன் எட்டில்லை என்று
கேட்பவர்கள் கேட்பார்கள்.
எண் தெரியும் திரை என் பக்கம்.
பேனாவும் என் பக்கம்.

பழைய குட்டியானை ஒன்று வாங்கலாமென்று
கோத்தகிரி பேங்குக்குப் போனேன்.
ஓட்டுவதற்குத் தம்பி ஞானமுத்து,
முன்பணம் அறுபதாயிரம்,
சம்பளச் சீட்டெல்லாம் ஒரு ரப்பர் பேண்டுக்குள்.
"உங்க சிபில் சரியில்லையேம்மா" என்றார்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

சிபில்.
கான்வென்ட்டில் பியானோ சொல்லித்தந்த
யாரோ ஒருத்தியின் பெயர் போல இருந்தது.
அவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

தொள்ளாயிரத்துக்கு
ஐந்நூற்று நாற்பத்தொன்று.
யார் போட்ட மார்க்,
எதைப் பார்த்துப் போட்டது?
கம்ப்யூட்டர் என்றார்.
"இல்லை என்கிற காரணத்தை
எழுதிக் கொடுங்க சார்."
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

வருஷத்துக்கு ஒரு தரம்
முழு அறிக்கையும் காசில்லாமல் கேட்கலாம்.
கேட்டேன்.
ஓடிபி மூன்று முறை வழியிலேயே செத்தது.
சிக்னலுக்காக மேடேறி நின்று,
நாலாவதைப் பிடித்துக்கொண்டு
ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வந்தேன்.
பதினான்கு பக்கம்.
என்னிடம் சொல்லாமல்
என்னைப் பற்றி எழுதிய பதினான்கு பக்கம்.
காலி செய்துவிட்ட லைன் வீட்டு முகவரி,
தொலைந்துபோன போன் நம்பர்,
எந்தெந்தத் தேதியில் யார் யார்
என் கணக்கை எட்டிப் பார்த்தார்கள் என்பது வரை.

ஏழாம் பக்கத்தில் ஒரு பைக்.
ஓசூரில் வாங்கியது.
பாக்கி எழுபத்துநாலாயிரத்து முந்நூறு.
நான் ஓசூரைப் பார்த்ததில்லை,
பைக்கில் பின்னால் உட்காரவே பயம்.
அவள் எஸ். பாக்கியம்.
நான் எஸ். பாக்கியநாயகி.
யாரோ சோம்பலில்
ஒரு நாயகியை விட்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஃபிரிட்ஜ்.
மூன்று தவணை தாமதம்.
அது நான்தான்.
குஞ்சப்பனையில் மண் சரிந்து
ரோடே இல்லாமல் போன சமயம்,
ஃபாக்டரி பூட்டிக் கிடந்தது.
மண்சரிவை எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
தாமதம் என்று மட்டும் இருந்தது.
பொய் இல்லை.
விரலை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து
எடுத்துவிட்டேன்.

பைக்கை மட்டும் மறுத்து எழுதினேன்.
முப்பது நாளுக்குள் திருத்த வேண்டும்.
தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய்
எனக்குத் தர வேண்டும்.
"அவங்க உங்களுக்கா?" என்று
ஜெராக்ஸ் கடைப் பையன் சிரித்தான்.
நூறு ரூபாய்
இன்றைய விலைக்கு ஆறு கிலோ இலை.

எடைச் சீட்டின் பின்பக்கம்
நாளுக்கொரு கோடு போட்டுவந்தேன்.
இருபத்திரண்டாம் கோட்டன்று நல்ல மழை.
நெடுகுளா ஹால்துரை மூட்டையை இறக்கிவிட்டு
ஏன் பத்து என்றார்.
பழைய பதில் வாய்வரை வந்தது.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
திருப்புவதற்கென்றே அடியில் ஒரு திருகு இருந்திருக்கிறது.
ஆறு என்று எழுதினேன்.
முதலாளி அந்தச் சீட்டை இன்னும் பார்க்கவில்லை.

முப்பத்துநாலாம் நாள் பதில் வந்தது.
பைக் போய்விட்டது.
அறுநூற்று அறுபத்தெட்டு.
ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் நிற்கிறது.
குட்டியானைக்கு
இன்னும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்.
ராத்திரிகளில் ஓசூர்க்காரியை நினைக்கிறேன்.
பைக் இப்போது அவள் தாளில் ஏறியிருக்கும்.
நிஜமாகவே அது அவளுடையதுதானா?
கேட்கலாம் என்பது
அவளுக்குத் தெரியுமா?

நாலு நாள், நானூறு ரூபாய்.
இன்னும் வரவில்லை.
இன்று காலை மறுபடி எழுதினேன்:
ஐயா,
ஈரக் கழிவு எதுவும் போடாமல்
முழுசாக அனுப்பி வைக்கவும்.