இடது மூலையில் ஒரு கட்டைவிரல்

மண்டபத்தில் ரயிலடிக்குப் போகும் சாலையில்
என் ஜெராக்ஸ் கடை.
இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ் நான்தான் அடிக்கிறேன்.
என்னைப் பிடிக்காதவர்கள் உச்சிப்புளிக்குப் போகவேண்டும்,
பஸ்ஸுக்குக் காசு வேண்டும்.

தடைக்கால நிவாரணப் பட்டியலின் பதினொன்றாம் பக்கம்
ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
எல்லார் போனிலும் வந்து விழுந்தது.
அறுபத்தொரு நாள் கடலுக்குப் போகாதவர்களுக்கான பணம்.
அந்தப் பக்கத்தில் இருபத்தாறு பேர்.
பதினேழு பேர் எந்த நாளும் கடலுக்குப் போனதில்லை.
ஒன்பது பேர் போய்த் திரும்பவில்லை.
எல்லாரும் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

படம் கோணலாக எடுத்தது.
இடது கீழ்மூலையில்,
காற்றாடிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் அழுத்திக்கொண்டு,
ஒரு கட்டைவிரல்.
நகம் பாதி கறுத்திருந்தது.

விசாரணை வந்தது,
அந்த விரலுக்கு.

டீக்கடையில் சேதுக்கரசு சொன்னார்:
"ஆபீஸ் காகிதம் ஆபீசுக்குத்தான்.
வெளிய விட்டவன்
தின்ன வீட்டுக்கே ரெண்டகம் பண்ணவன்."
கிளாடியஸ் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்:
"திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான்,
கதவத் தெறக்காம கும்பிடவா சொல்றீக?"

நல்ல வாக்கியங்கள். இரண்டையும் முன்பே கேட்டிருக்கிறேன்.
நாலு வருஷத்துக்கு முன்,
தூண்டில் வளைவு டெண்டர் காகிதம் வெளியே வந்தபோது
முதலாவது கிளாடியஸிடம் இருந்தது,
இரண்டாவது சேதுக்கரசிடம்.

பொய்யில்லை, என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.
மறுநாள் கிளாடியஸே வந்தார்.
"அண்ணே, அவுக அப்ப அடிச்ச நோட்டீஸ எடுங்க.
எழுத்து நல்லாருந்துச்சு."
பெயரை மாற்றினேன், தேதியை, கொடியின் நிறத்தை.
'நேர்மை'யில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதுவும் அப்படியே போனது, ஆயிரம் பிரதி.

கூட்டத்துக்கு மதுரையிலிருந்து வந்தவர்
அரசாங்கத்தை ஓட்டைப் படகு என்றார்.
கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
தண்ணீர் ஏறாத படகு எங்கே இருக்கிறது?
இறைக்கிறவன் கையை யாரும் பிடித்துப் பார்ப்பதில்லை,
அவ்வளவுதான்.

மீன்துறை ஆபீசில் பூவலிங்கத்துக்கு நகம் கறுத்திருந்தது.
பீரோக் கதவில் நசுங்கியதாம்.
சஸ்பெண்ட் ஆர்டரை மூன்று காப்பி எடுக்க
அவரே வந்தார், தனியாக.
மாலை வாங்கிவைத்திருந்தவர்கள்
வெயில் தாழட்டும் என்றிருக்கிறார்கள்.
ஆறு ரூபாய். சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் அமலோற்பவம் வந்தது.
"பத்தொன்பதாவது பேரு எங்க வீட்டு ஆளுதானே.
சந்தியாகு. பெரிசாக்கிக் காட்டு."
பெரிசாக்கினேன்.
ரேகை திரை முழுக்கச் சுழன்று நின்றது,
அப்பியது போல, முழுசாக.
அது கண்ணாடி போடவில்லை. கிட்டே வந்து பார்த்தது.
"அந்த மனுசனுக்கு இடது பெருவிரல்
விஞ்சுக் கயித்துல பாதி போச்சு.
கச்சான்ல ஆளும் போச்சு.
போன எடத்துல வெரல் வளந்திருக்கு பாரு."
சிரித்தது என்று நினைத்தேன்.
நிமிர்ந்து பார்க்கவில்லை நான்.
ஒரு காப்பி கேட்டது. இதை எங்கே கொடுக்கணும் என்றது.
எனக்குத் தெரியவில்லை.
விசாரணைக்காரர்கள் கெஸ்ட் ஹவுசில் இருக்கிறார்கள், சொன்னேன்.
போனது.
"இது எங்க விசயம் இல்லம்மா" என்றார்களாம்.

வியாழக்கிழமை மைப்பெட்டியோடு என்னிடம் வந்தார்கள்.
காப்பி எடுக்கிறவன் விரலும் வேண்டுமாம்.
வைத்தேன்.
நல்ல மை, அரசாங்க மை,
மண்ணெண்ணெய் போட்டும் இரண்டு நாள் போகவில்லை.

அந்த இரண்டு நாளும் வேலை நெருக்கடி.
அவர்கள் கண்டன நோட்டீஸ் எண்ணூறு,
இவர்கள் மறுப்பு நோட்டீஸ் எண்ணூறு.
மாஸ்டர் தாளை நான் கண்ணாடியில் வைத்த இடத்தில்,
இடது கீழ்மூலையில்,
எல்லாப் பிரதியிலும் சாம்பல் நிறத்தில்
ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது.

இரு தரப்பும் எண்ணி வாங்கிப் போனார்கள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.