எலி யாருக்கு

ஓரிகன் மலைக்காட்டில் எனக்கு முதல் வேலை
இரவில் ஆந்தைபோல் கூவுவது.
நான்கு கூவல். பிறகு காது.
அதற்குத்தான் சம்பளம்.

பதில் வந்த இடத்துக்கு
டப்பாவில் வெள்ளைச் சுண்டெலியோடு போவேன்.
குச்சி நுனியில் வைத்து நீட்டினால்
காற்றுக்கும் தெரியாமல் இறங்கி
எடுத்துக்கொள்ளும் புள்ளி ஆந்தை.
அப்புறம்தான் பார்க்க வேண்டும்,
எலி எங்கே போகிறதென்று.
அங்கேயே கிளையில் உட்கார்ந்து தின்றுவிட்டால்
வீட்டில் யாருமில்லை.
கவ்விக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினால்
குஞ்சு இருக்கிறது:
ஓடு, முள் கிழித்தாலும் பின்னால் ஓடு.

இருபத்தாறு வருடத்தில்
அந்தக் காட்டுக்கே அதிகாரியானேன்.
ஆறு லட்சம் ஏக்கர்,
பதினொரு வண்டி, ஓடுவது ஏழு,
காளான் உரிமத்துக்கு விடிகாலையிலேயே
வரிசையில் நிற்கும் லாவோஸ் குடும்பங்கள்,
ஆகஸ்டு முழுக்கப் புகை.
போட்டுப் போட்டுத் தேய்ந்து
கார்லீன் வோஸ் என்ற கையெழுத்து
ஒரு கோடும் ஒரு சுழியும் ஆனது.
மேய்ச்சலுக்கும் அதே சுழி,
மர ஏலத்துக்கும் அதே சுழி.

பள்ளிக்கூட ஜிம்மில் பொதுக்கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் நாற்காலி.
அறுவை ஆலையில் இரண்டாம் ஷிப்ட் போய்விட்டது.
டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் எழுந்தார்:
"ஆந்தைக்கு நீங்க இருக்கீங்க.
எங்களுக்கு யாரு?"
கைதட்டல் அடங்க நேரமானது.
பதில் சொன்னேன். என்ன சொன்னேனென்று
எனக்கே நினைவில்லை.

கூட்டம் கலைந்ததும்
பிஸ்கட் மேஜைக்குப் போனார்.
ஒன்றையும் வாயில் போடவில்லை.
மூன்றை எண்ணி எடுத்து
காகிதத்தில் சுற்றி
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்
வாகனம் நிறுத்துமிடத்தின் இருட்டைத் தாண்டி.
எழுந்து ஜன்னல்வரை போய்விட்டேன்,
பழைய பழக்கம்.

திங்கட்கிழமை கோப்பு வந்தது.
கூட்டைச் சுற்றிய வட்டத்தைச் சுருக்கவில்லை.
வடக்குச் சரிவில் நெருக்கி நட்டு
வெயிலுக்கு அடித்துக்கொண்டிருந்த இளமரங்களை
ஆலைக்கு ஒதுக்கினேன்.
இரண்டு பக்கமும் திட்டினார்கள்.
சன்ன மரம் அந்தப் பழைய ரம்பத்துக்குச் சரிவரவில்லை.
வசந்தத்தில் ஆலை மூடியது.

வட்டமும் காப்பாற்றவில்லை.
கிழக்கிலிருந்து பட்டை ஆந்தைகள் வந்தன,
பெரியவை, எதையும் தின்பவை.
என் நான்கு கூவலுக்கு
எட்டுக் கூவலாய்ப் பதில் வந்தது.
வட்டம் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது.

கடைசி நாள்.
அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்,
மேலே பச்சை க்ரீமில் ஃபிர் மரம்.
என் பங்கைத் தின்னாமல்
காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.
வண்டிச் சாவியை ஒப்படைத்து
என் சொந்தக் காரில் ஏறிக்
கதவைச் சாத்தியபிறகுதான்
யாருக்கு என்று யோசித்தேன்.

அங்கேயே உட்கார்ந்து
தின்று முடித்தேன்.