எனக்கு ஒரு

பேருந்து நிலையச் சுவரோரம்
என் சூரியப் பலகையும் இருபது வயர்களும்.
சார்ஜ் ஏற்ற ஐம்பது ஃப்ராங்க்.
என்னிடம் இல்லாத பாட்டு உன்னிடம் இருந்தால்
காசு வேண்டாம்.
அகதேஸில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

அந்தப் பாட்டைக் கொண்டுவந்தவன் அமூமூன்.
ஆர்லித்துக்கு வெங்காய லாரி ஓட்டுகிறவன்.
தன் போனை என் போனோடு ஒட்டவைத்து
"அசையாதே" என்றான்.
பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் மாதிரி
இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம்.
நடுவில் ஒரு ஆடு வந்து வயரை முகர்ந்தது.
அதையும் விரட்டவில்லை.

பெயர் இல்லை. ஏழு எண், ஒரு கோடு, மறுபடி எண்.
ஒரு கிடார், அதில் ஒரு தந்தி சுருதி சேராதது.
ஒரு பெண் குரல், இப்போதுதான் அழுது முடித்ததா
இப்போதுதான் சாப்பிட்டு முடித்ததா, சொல்ல முடியாது.
இரண்டாவது நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது.
அது போய்த் தொலையட்டும் என்று
அவள் ஒரு அடி தாமதிக்கிறாள்.
அந்தத் தாமதத்துக்காகவே அதை நாற்பது முறை கேட்டேன்.

பிறகு:
வரும்போது கொண்டு வா, எனக்கு ஒரு

அவ்வளவுதான். அறுந்துவிட்டது.
எங்கேயோ யாருடைய பேட்டரியோ
அந்த இடத்தில் செத்திருக்கிறது.

அந்த வாரமே பாட்டு ஊரைச் சுற்றத் தொடங்கியது.
என்னிடம் திரும்பி வரும்போதெல்லாம்
வேறு பெயரில் வந்தது.
"ஆர்லித் பஸ்." "மோட்டார் சைக்கிள்காரி."
"கடன் தீர்ந்ததும் கேட்கவேண்டியது."
ஒருவன் தன் மாமியார் பெயரை வைத்திருந்தான்,
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பெயர் எதுவானாலும் அறுந்த இடம் ஒன்றுதான்.

அந்த ஓட்டையில் ஆளுக்கு ஒன்றைப் போட்டார்கள்.
காவலாளி ரிஸ்ஸா ஒவ்வொரு முறையும் சத்தமாக
"ஒட்டகம்!" என்பார்.
பள்ளிக்கூடத்து லாடி "சிம் கார்டு" என்றாள்,
அப்புறம் வெட்கப்பட்டு "செருப்பு" என்று மாற்றினாள்.
அமூமூன் எதுவும் சொல்லமாட்டான்,
அந்த இடம் வந்ததும் ஹாரன் அடிப்பான்.
நான் என்ன போட்டேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

புழுதிக் காற்று அடித்த ஒரு வியாழக்கிழமை
பில்மாவிலிருந்து உப்பு லாரியில் வந்த ஒருத்தி
கண்ணாடி விரிந்த போனை நீட்டினாள்.
காசு இல்லை, பாட்டு இருக்கிறது என்றாள்.
அதே பாட்டு.
வாங்கிவைத்தேன், இருக்கட்டும் என்று.
நீளத்தைப் பார்த்தேன்.
பன்னிரண்டு நொடி கூடுதல்.

கடையைத் துணியால் மூடிவிட்டு
உள்ளே குனிந்து கேட்டேன்.
வரும்போது கொண்டு வா, எனக்கு ஒரு
கிடார் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போகிறது.
அவள் சிரிக்கிறாள்.
"ஐயோ, மறந்துபோச்சு.
என்ன கேட்டேன் அவன்கிட்ட?"
ஒரு ஆண் குரல்: "முதலிலிருந்து போடலாமா?"
"இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்."
குவளை ஒன்று தரையில் உரசுகிறது.
முடிந்தது.

ஒட்டகமும் இல்லை, செருப்பும் இல்லை.

துணியை எடுத்தேன்.
ரிஸ்ஸா வெளியே நின்றுகொண்டிருந்தார்,
மீசை முழுக்கப் புழுதி.
"புதுசா ஏதாவது?" என்றார்.
"ஒன்றும் இல்லை" என்றேன்.
பில்மாக்காரியின் போனுக்கு
நூறு சதவீதமும் ஏற்றிக் கொடுத்தேன்.

இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது
அந்த அறுந்த பாட்டை நீட்டுகிறார்கள்,
யாருக்கும் கிடைக்காததைக் கண்டெடுத்த முகத்தோடு.
காதில் வைத்து முழுவதும் கேட்கிறேன்.
மோட்டார் சைக்கிள் போகும்வரை காத்திருக்கிறேன்.
"அடடா, இது என்னிடம் இல்லையே" என்று சொல்லி
வயரை எடுத்து மாட்டுகிறேன்.