கடைசி டவுன் பஸ்

ஜவ்வரிசி வாங்க வந்தவர் மொரிஷிதா.
ஓசாகாவில் அதைப் பால் டீயில் மிதக்கவிட்டு
தடித்த ஸ்ட்ராவால் உறிஞ்சுகிறார்களாம்.
பகலெல்லாம் ஆத்தூர் ரோட்டு ஆலையில்
ஈரப்பதம், வெண்மை, மூட்டை என்ன விலை.
இரண்டு பேருக்கு ஒரு வாயாக இருந்தேன்.
ஆறு மணிக்கு என் கூலி முடிந்தது.

ஓட்டல் வாசலில் நின்று கேட்டார்:
ராத்திரியில் இந்த ஊர் என்ன சாப்பிடும்?

நான் பிறந்தது குகை. இருபத்தேழு வருஷம்.
எட்டரைக்கு மேல் இந்தத் தெருக்களைப் பார்த்தது
கல்யாண ரிசப்ஷன் முடிந்து வரும்
கார் ஜன்னல் வழியாக.
ஆனால் ஓசாகாவின் கடைசி ரயிலைத் தெரியும்.
பதினான்காம் பாடம்:
"ஐயோ, கடைசி ரயிலை விட்டுவிட்டேனே!"
அம்மா பாத்திரம் கவிழ்க்கும் சத்தத்துக்கு மேலே
நூறு தரம் சொல்லிப் பழகிய வாக்கியம்.
எங்கள் ஊர்க் கடைசி டவுன் பஸ்
எத்தனை மணிக்கு என்று தெரியாது.

"வாங்க" என்றேன்.
வீட்டுக்கு: ஆபீஸ் வேலை, லேட் ஆகும்.

முதலில் தட்டுவடை செட்.
இரண்டு வடைக்கு நடுவே பீட்ரூட், வெங்காயம்,
பச்சையும் சிவப்பும் சட்னி.
ஒரே வாயில் போடணும் என்றார் கடைக்காரர்.
ஜப்பானியத்தில் அதைச் சொல்லி முடிப்பதற்குள்
மொரிஷிதாவின் சட்டைக் கைவரை சிவப்பு.
கண்ணை மூடிக்கொண்டு நொறுங்குவதைக் கேட்டார்.
நானும் கேட்டேன்,
பிறந்த ஊரின் சத்தத்தை என் மண்டைக்குள்.

இந்தச் சந்து எங்கே போகும்?
ஷிரிமசென். தெரியாது.
அந்தக் கூட்டம் எதற்கு?
ஷிரிமசென்.
வடக்கே வளைந்து ஏறுகிற விளக்குகள்?
ஏற்காடு! மேலே மிளகாய் பஜ்ஜி நன்றாக இருக்கும்.
ஏழாம் வகுப்பு டூர். பகலில்.

"பவாராகோதி-சான்" என்றார்
(பவளக்கொடி அவர் வாயில் அப்படித்தான் முளைக்கிறாள்)
"கியோட்டோக்காரர்கள் உடுத்தியே ஓட்டாண்டி ஆவார்கள்.
நாங்கள் தின்றே ஆவோம். அதற்கு ஒரு சொல் உண்டு."
சொல் எனக்குத் தெரியும், குயிதாஓரே.
அகராதியில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.
பதிலுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி.
அதைச் சொல்லவில்லை. தோசைக்கு நடந்தோம்.

அம்மாப்பேட்டையில் தறிகள் தூங்கவில்லை.
தடக் தடக் என்று சுவருக்குள் யாரோ
சேலையின் ஆறாவது முழத்தில் இருந்தார்கள்.
கல்லில் தோசை, அதன்மேல் எசன்ஸ்,
பெயரைக் கேட்டார்; மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன்.
எரிச்சலில் இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது.

பக்கத்தில் மூன்று நர்சுகள்,
டூட்டி முடிந்து நின்றபடி தின்றார்கள்.
"இன்னொரு கரண்டி ஊத்துண்ணா, கஞ்சத்தனம் பண்ணாத."
யாரோ ஒரு டாக்டரைத் திட்டி யாரோ சிரித்து
ஒருத்திக்குப் புரையேறியது.
நான் பார்ப்பதைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்:
"ஊருக்குப் புதுசா?"
அவரைக் கேட்கவில்லை. என்னை.

"ஆமாங்க" என்றேன்.
பொய் சொன்ன மாதிரியே இல்லை.

"கடைசி பஸ்ஸு பத்தே முக்கா"
என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் ஏறினார்கள்.
கையில் பாதித் தோசையோடு
அது திரும்பிப் போவதைப் பார்த்தேன்.
போனில் மூன்றாவது தடவையாக அப்பா.

அப்போதுதான் அந்த வாக்கியம் வாயில் வந்தது.
ரயிலுக்குப் பதில் பஸ். மற்றபடி
இலக்கணம் பிசகாமல்.

மொரிஷிதா நிமிர்ந்தார்.
அவரும் அதே பாடத்தைப் படித்தவர்போல
பக்கத்தின் அடுத்த வரியைச் சொன்னார்:
"அப்படியானால், இன்னொரு கடை?"

அதற்குப் பிறகு புத்தகத்தில் பயிற்சிக் கேள்விகள்தான்.
அப்பாவுக்கு "சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்று அனுப்பிவிட்டு
பீட்ரூட் விரலால்
வெங்காயம் வதங்கும் வாசனை வந்த பக்கத்தைக் காட்டினேன்.