அறுபது ஓம்

வலது முன்காலில் மண்டியிட்டபடி வந்தது வண்டி.
வாஜா இறங்கினான்.
கதவைச் சாத்தவில்லை, அறைந்தான்.
"எதேரி, மூன்றாவது மாட்யூலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது."

மூன்றாவது.
முதலாவது வண்டியோடு கடல் தாண்டி வந்தது.
இரண்டாவது ருஸ்தாவி சந்தையில்
செத்த கார் ஒன்றின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து.
இது லித்துவேனியாவிலிருந்து பார்சலில்,
மனைவி பல் கட்ட வைத்திருந்த காசில்.

ஸ்கேனரைச் செருகினேன்.
எஞ்சின் வந்தது. கியர் வந்தது.
பிரேக் தன் பழைய புகார் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது.
சஸ்பென்ஷன்?
தொடர்பு இல்லை.
மறுபடி.
தொடர்பு இல்லை.
கல்லுளிமங்கன்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் இந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டு
மாட்யூல் போச்சு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
தொடர்பு இல்லை என்றால் ஆளே இல்லை என்றா அர்த்தம்?
என் தம்பி நான்கு வருடமாகப் போலந்தில் இருக்கிறான்.
போன் எடுப்பதில்லை.
அதற்காக வேறு தம்பி வாங்கிப் போடச் சொல்லி
யாரும் சீட்டு எழுதித் தரவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு
ஒரு சிகரெட் தீரும்வரை காத்திருந்தேன்.
வண்டிக்கும் தூக்கம் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள்.
ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும்,
அந்த இடைவெளிதான் சொல்.
முனைக்கு ஒன்றாக நூற்றிருபது ஓம் காவல்;
இரண்டும் இருந்தால் மீட்டர் அறுபது காட்ட வேண்டும்.

காட்டியது நூற்றிருபது.

கூடுதலாக இருக்கிறதே என்று வாஜாவின் முகம் மலர்ந்தது.
நான்தான் கெடுத்தேன்.
பாதி போனபின் எண் இரட்டிப்பதை
கடனுக்கு அடுத்து இங்கேதான் பார்த்திருக்கிறேன்.

அவிழ்த்த மாட்யூலின் ஊசிகளுக்கு நடுவே
நூற்றிருபது, குறை சொல்ல முடியாது.
அதற்கு வரும் கம்பியில்
ஒன்றுமே இல்லை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முன்சீட்டைத் தூக்கி, கார்பெட்டைப் பிய்த்தபோது
முதலில் வாடைதான் வந்தது.
பிறகு வண்டல்,
சலித்த மாவு போல, சாம்பல் நிறம்.
எங்கள் ம்ட்க்வாரி ஆற்று மண் இல்லை இது.
அதில் பாதி நகம் அளவுக்கு ஒரு நத்தை ஓடு.

காகிதத்தில் லூசியானா என்று இருந்தது.
முன்பக்கம் சிறு மோதல் என்று இருந்தது.
தண்ணீர் என்று எழுத
ஒருவருக்கும் கை வரவில்லை.

கம்பியின் மூட்டு பச்சையாகப் பூத்திருந்தது.
தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

"சீட் வரைக்கும் ஏறியிருக்குமா?"
நான் பதில் சொல்லவில்லை.
சீட் பெல்ட்டை அதன் கூட்டிலிருந்து கடைசிவரை இழுத்துக் காட்டினேன்:
ஓட்டுகிறவன் தோள் உயரத்தில்
பழுப்பாக ஒரு கோடு.
"உள்ளே யாராவது" என்று தொடங்கியவன்
நத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெட்டினேன், சுரண்டினேன், ஈயம் வைத்தேன்,
மறுபடி முறுக்கினேன் இறுக்கமாக.
முறுக்குத் தளர்ந்தால் ஊர்ச் சத்தமெல்லாம் உள்ளே வரும்.

அறுபது புள்ளி மூன்று.

பேட்டரி. சாவி.
கம்ப்ரெஸ்ஸர் முதலில் இருமியது.
பின்பக்கம் எழுந்தது, முன் இடது எழுந்தது,
கடைசியாக அந்தக் கால்
பெஞ்சிலிருந்து எழும் கனத்த ஆள் மாதிரி
கொஞ்சம் எழுந்து, யோசித்து,
முழுக்க.

நூற்றைம்பது லாரி என்றேன்.
பேரம் பேசவில்லை.
மற்ற இரண்டு மாட்யூலை என்ன செய்ய என்றான்.
நல்லவைதான், விற்றுவிடு என்றேன்.
சிரிப்பானென்று நினைத்தேன்.

நத்தை ஓட்டை ஆஷ்ட்ரேயில் வைத்தான்.
இருட்டுமுன் குதவூரி மலைக்குப் போக வேண்டும்,
பனிச்சறுக்குக்காரர்கள் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

பெல்ட்டை இழுத்தவனின் கை
பாதியில் நின்றது.
பிறகு மாட்டிக்கொண்டான்.