உதிரிக் கணக்கு

மோதிரத்தை அறுக்க வேண்டும் என்று வந்தாள்
நோலீன் ட்ரெகர்தா.
ஓமரு, தேம்ஸ் தெரு, செவ்வாய்க்கிழமை.
கடல்காற்று அவளுக்கு முன்பே
கதவைத் தள்ளிவிட்டிருந்தது.
வியாழனன்று டனீடனில்
விரல் கணுவைத் திறக்கிறார்களாம்.
பொன்னோடு வரக்கூடாதாம்.

சோப்புப் போட்டுப் பார்த்தேன். நூல் சுற்றிப் பார்த்தேன்.
நடுவிரலில் ஒரு கூழாங்கல், அதற்கடுத்ததில் இன்னொன்று.
மோதிரவிரல் சுண்டுவிரலின் மேல் சாய்ந்திருக்க
சுண்டுவிரல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.
'விக்கெட் கீப்பர்' என்றாள்,
இன்றும் காலையில் கிளம்பிப் போகும் வேலை போல.
விட்டு அறுபது வருடம் ஆகப்போகிறது.

நாட்டுக்காக ஆடிய டெஸ்ட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
எண்ணினாள்.
இரண்டாவதற்கு நீட்டிய விரல்
மூன்றாவதைச் சுட்டியது.

இறைச்சிக்கடையில் வேலை.
இங்கிலாந்துக்குக் கப்பல் கட்டணம் அவரவர் பாடு.
கேக் விற்றாள், குலுக்கல் சீட்டு விற்றாள்,
போதாததற்கு வராத சம்பளத்தையும் வாங்கிக்கொண்டாள்.
மேல்தளத்தில் பயிற்சி.
பனாமா வருவதற்குள் எட்டுப் பந்துகள் கடலுக்கு.
'அதில் எதுவும் என் கணக்கில்லை,
எறிந்தவர்களுக்குக் குறி தெரியாது.'

கையுறைக்குள் ஒரு துண்டு மாட்டிறைச்சி வைப்பாளாம்,
வேகப்பந்தின் அறை உள்ளங்கைக்கு இறங்காமலிருக்க.
முதலாளி சொல்லி அனுப்பியது.
மாலைக்குள் அது பஞ்சாக அடிபட்டிருக்கும்.
ஸ்கார்பரோவில் ஒரு நாய்
பெவிலியனிலிருந்து பேருந்து வரை
அவளுடைய ஒரே ரசிகனாக நடந்து வந்தது.

பாவாடையோடு குந்தி உட்கார வேண்டும்,
நாள் முழுக்க,
மரியாதையும் கெடக்கூடாது.

(பேட்டிங்கைப் பற்றிக் கேட்டேன்.
மோதிரத்தைக் கவனி என்றாள்.)

மூன்றாவது டெஸ்டில் அவர்கள்
நூற்று முப்பத்தோரு ஓவர் ஆடினார்கள்.
மட்டையைத் தாண்டிய ஒன்றுகூட அவளைத் தாண்டவில்லை.
லெக் பக்கம் போனதும், மண்ணில் உருண்டதும்,
எகிறி மோதிரவிரலை உடைத்ததும்கூட.
ஸ்கோர் எழுதும் அம்மாள்
பைஸ் என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள்.
சின்னதாக, சுத்தமாக.
'வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியம்
அந்தப் பூஜ்யம்' என்றாள்.
தோற்றுப்போனார்கள்.
மறுநாள் பத்திரிகை
சதமடித்தவளின் சுருட்டை முடியைப் பற்றி எழுதியது.

கிளம்புமுன் செல்வின் எடுத்துவைத்த அளவு மோதிரம்.
திரும்பி வந்தபோது விரல் அந்த விரலில்லை.
தேவாலயத்தில் அவன் தள்ளினான்,
அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதம் என்றாள்.
அன்று உள்ளே போனதுதான்.
செல்வின் போய் நாலு வருடம்.
இது போகவில்லை.

அதன்பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினாள், முப்பது வருடம்.
அது எனக்கே தெரியும்.
ஒருநாள் பின்சீட்டிலிருந்து பறந்த ஆப்பிள் கட்டையை
திரும்பாமல், கண்ணாடியில் பார்த்து,
இடக்கையால் பிடித்தாள்.
ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.
கியரை மாற்றினாள்.
எறிந்தவன் நான்.
இன்றும் சொல்லவில்லை.

ரம்பம் பொன்னுக்குள் இறங்க இரண்டு நிமிடம்.
இடுக்கியால் விரித்தேன்.
விரலில் வெளுத்த ஒரு பள்ளம்,
வெயிலே படாத தோல்.
மோதிரம் என் பிடியிலிருந்து துள்ளி
மேசை விளிம்பில் ஒருமுறை தட்டி
அவள் பக்கமாகத்தான் போனது.

அவள் கை அசையவில்லை.
அலமாரிக்கு அடியில் அது உருண்டு நிற்கும்வரை
காத்திருந்தாள்.
'பைஸ், ஒன்று' என்றாள்.
'எழுதிக்கொள்.'

நான் மண்டியிட்டுத் துழாவி எடுத்துக்கொடுத்தேன்.
கூலி வேண்டாம் என்றேன்.
அதை மட்டும்
அவள் விடவில்லை.